முப்பிடாதியின் ஆட்சேபம்

ஏப்ரல் 10

ஓய்வு பெற இன்னும் ஐம்பத்தோரு நாள். நான் எண்ணவில்லை, கிருபாகரன் எண்ணுகிறான். என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, தினமும் காலையில் ஒரு கட்டத்தை அடிக்கிறான். என்னை அனுப்பிவைக்க அத்தனை அவசரமா என்று கேட்டேன். "இல்ல மேடம், நீங்க போனா உங்க ஃபேன் எனக்கு வரும்" என்றான். இரண்டு வருடமாக என் உதவியாளன். இந்த அலுவலகத்தில் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிற ஒரே ஆள்.

இந்த நோட்டு மகள் வாங்கி அனுப்பியது. ரிட்டயர் ஆனால் பொழுது போகாது, எதையாவது எழுதும்மா என்றாள். முப்பது வருடமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். எந்த ஊருக்குப் போனேன், எத்தனை மணிக்கு, யாரை விசாரித்தேன் என்று அலுவலகத்துக்கு மாதாமாதம் பயண டைரி. எனக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை. கை பழக்கதோஷத்தில் 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று ஆரம்பிக்கப் பார்க்கிறது.

நான் நன்னடத்தை அலுவலர். ஆயுள் தண்டனைக் கைதி ஒருவன் பரோலோ முன்விடுதலையோ கேட்டால், அவன் ஊருக்குப் போய் விசாரிப்பது என் வேலை. வீட்டில் ஏற்றுக்கொள்வார்களா, ஊரில் வம்பு வருமா, அவன் யாரைக் கொன்றானோ அந்தக் குடும்பம் என்ன சொல்கிறது. மூன்றையும் எழுதி அனுப்ப வேண்டும். மூன்றாவதுக்குத்தான் மேலே மதிப்பு.

இன்று ஒரு கோப்பு வந்தது. ஊர் செவல்குளம், கைதியின் பெயர் கடற்கரை. பெயரைப் பார்த்ததும் நாளைக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11

கோப்பைப் படித்தேன். கடற்கரைக்கு இப்போது நாற்பத்தாறு வயது. உள்ளே போய் இருபது வருடம். செங்கல் சூளையில் கூட வேலை பார்த்த ராமசுப்பு என்பவரைக் குடிபோதையில் கடப்பாரையால் அடித்துக் கொன்றவன். இருவரும் நண்பர்கள்.

2013-ல் முதல் தடவை பரோல் கேட்டிருக்கிறான். காரணம், தாயாரின் உடல்நலக் குறைவு. அந்த விசாரணை அறிக்கை என்னுடையது. 'கொலையுண்டவரின் மனைவி முப்பிடாதி, கைதி ஊருக்குள் வருவதற்குக் கடும் ஆட்சேபம் தெரிவித்தார். அவர் வரும் பட்சத்தில் அசம்பாவிதம் நேரக்கூடும்.' கீழே என் கையெழுத்து. பரோல் மறுக்கப்பட்டது.

அதன் பிறகு 2015, 2018, 2021. நான் வேறு மாவட்டத்தில் இருந்த வருடங்கள். மூன்று பேர் மூன்று அறிக்கை எழுதியிருக்கிறார்கள். மூன்றிலும் அதே இரண்டு வாக்கியங்கள், கமா முதற்கொண்டு. என் தமிழ் அவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது! மூன்று தடவையும் மறுப்பு.

2021-க்குப் பிறகு கடற்கரையே சிறைக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறான். 'அந்த அம்மாவுக்குப் பிடிக்காதபோது நான் வெளியே வருவது முறையில்லை. இனிமேல் மனுப் போட மாட்டேன்.' இடையில் ஒரு துண்டுச் சீட்டு: தாயார் 2014-ல் காலமானார், போலீஸ் காவலில் ஒரு மணி நேரம் இறுதிச் சடங்குக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

2013-ல் அந்த ஊருக்கு நானே நேரில் போனேன். விசாரித்துத்தான் எழுதினேன்.

ஏப்ரல் 13

சிறையில் கைதிகள் நலனைப் பார்க்கிற அதிகாரி நளாயினி போன் செய்தாள். சின்ன வயது, சுறுசுறுப்பு. கடற்கரைக்காக முன்விடுதலைக்கு எழுதிப்போட்டதே அவள்தானாம். அவனுக்கு இஷ்டமில்லையாம். இன்னொரு யோசனையும் வைத்திருக்கிறாள். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் கைதியை நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவைப்பது. சில இடங்களில் அதனால் நல்லது நடந்திருக்கிறதாம்.

"இந்தக் கேஸ்ல நடக்காதும்மா. அந்த அம்மா ரொம்ப உறுதியா இருக்காங்க" என்றேன்.

"நீங்க பேசிப் பார்த்தீங்களா மேடம்?"

"அறிக்கையில இருக்கே."

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. பச்சடியில் வேப்பம்பூ அதிகமாகிவிட்டது. யாரும் தொடவில்லை.

ஏப்ரல் 19

செவல்குளம் போகவில்லை. ஜீப் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 21

ஜீப் இருந்தது. முழங்கால் வலி.

ஏப்ரல் 26

நளாயினி நாலாவது தடவையாகப் போன் செய்த பிறகு போனேன்.

முப்பிடாதிக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலில் சாக்கை விரித்து மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நெடி தாங்காமல் நாலைந்து தும்மல் போட்டேன். "அங்கன காத்து நேரா அடிக்கும், இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்று மணைப்பலகையை நகர்த்திப் போட்டாள்.

கடற்கரை விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் கை நின்றுவிட்டது.

"செத்துட்டானா?"

"இல்லம்மா. வெளிய விடலாமான்னு பாக்கிறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டு எழுதணும்."

"எங்கிட்டயா?" என்று நெஞ்சில் விரலை வைத்துக் கேட்டாள். "கோர்ட்டுல கேட்டாக. அதுக்கப்புறம் ஒரு ஆபீசர் இந்த வாசல மிதிச்சதில்லியேம்மா."

"2013-ல, அவர் வரக்கூடாதுன்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கே."

"நானா? ஆருகிட்ட சொன்னேன்?"

கோப்பைப் புரட்டுவதுபோல் செய்தேன். "உங்க கொழுந்தன்கிட்ட விசாரிச்சிருப்பாங்க போல."

"அவங்கிட்டயா!" வத்தல் சாக்கில் விழுந்தது. "எம் புருசன் பங்கு நெலத்த வளைச்சுப் போட்டவன். அவனும் நானும் மொகம் பாத்துப் பேசி எத்தன வருசம் ஆச்சு. அவன் வாயால சொன்னத என் வார்த்தைன்னு எழுதுனாகளா? எந்தப் புண்ணியவான் எழுதுனான்?"

"அப்போ இருந்த அதிகாரி" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அவளே மேலே பேசினாள். கடற்கரை வரவேண்டும் என்று அவள் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். மன்னிப்பதற்கு இல்லை. "மன்னிக்கதெல்லாம் சாமி பாடு. எனக்கு அவங்கிட்ட ஒண்ணு கேக்கணும்." ராமசுப்பு செத்த அன்று காலையில் வீட்டில் பெரிய சண்டை. கோபத்தில் அவள் 'போய்த் தொலை' என்று சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பிப் பார்க்காமல் போனவர்தான். கடைசி நேரத்தில் கூட இருந்தது கடற்கரை ஒருத்தன். "அவரு என்னையப் பத்தி எதும் சொன்னாரா, கோவத்தோடதான் போனாரான்னு அவனுக்குத்தான தெரியும்? அவன் பரோலு கேக்கவே இல்ல, ஊர்ல தலகாட்ட வெக்கப்படுதான்னுல்லா நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

பார்க்க வருகிறீர்களா என்று கேட்டேன். "என்னைக்கு?" என்றாள்.

ஏப்ரல் 27

2013-ல் நான் செவல்குளம் போனது நிஜம். முப்பிடாதி வீடு பூட்டியிருந்தது நிஜம். டீக்கடையில் அவள் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான். "அவ என்ன சொல்லுவா? வரக்கூடாதுன்னுதான் சொல்லுவா" என்றான். புருஷனைப் பறிகொடுத்தவள் வேறென்ன சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்கும் தோன்றியது. அவள் சொன்னதாகவே எழுதிவிட்டேன். இதை இங்கே எழுத எனக்குப் பதினேழு நாள் ஆகியிருக்கிறது.

மே 3

கிருபாகரனிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"மேடம், 'தற்போது ஆட்சேபம் இல்லை'ன்னு ஒரு வரி எழுதுங்க. அந்தம்மா மனசு மாறிட்டாங்கன்னு மேல நினைச்சுக்குவாங்க. அவருக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை. பழசக் கிளறினா ஒழுங்கு நடவடிக்கைன்னு பதினேழு பி மெமோ வரும். விசாரணை முடியிற வரைக்கும் பென்ஷன நிறுத்தி வச்சிருவாங்க. இருபத்தெட்டு நாள் மேடம், கண்ண மூடித் திறந்தா ஓடிரும்."

அவன் சொல்வது சரி. யாருக்கும் நஷ்டமில்லாத வழி. அந்த வரியை எழுதி வைத்துவிட்டேன், சந்திப்பு முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்று.

மே 11

சிறையில் நளாயினியின் அறை. நாலு நாற்காலி, ஒரு பீரோ. முப்பிடாதி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், மடிப்புக்கூடக் கலையாத சேலை. கடற்கரை வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை அரைக்கால் சட்டை, தலை பாதிக்குமேல் நரை. உள்ளே வந்தவன் சுவரை ஒட்டி நின்றுகொண்டான்.

"உக்காரு" என்றாள் முப்பிடாதி. "முன்னால மைனி மைனின்னு வீட்டுக்குள்ள வந்து சோறு தின்னவன்தான."

அதைக் கேட்டதும் அவன் அழுதான். அவள் அழவில்லை. அவன் முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சொன்னாரு மைனி. வாய்த்தகராறு வாரதுக்கு முன்னால சொன்னாரு. 'இன்னைக்கு அவளக் கண்டபடி பேசிட்டேன்டா. போறப்ப காராச்சேவு வாங்கிட்டுப் போகணும். ஒம் மைனிக்குச் சேவக் கண்டா கோவம் பறந்துரும்'னு சிரிச்சாரு. நாந்தான்… நாந்தான் அவர வீட்டுக்குப் போகவிடல."

"சேவா?" என்றாள் முப்பிடாதி. "சேவுன்னா சொன்னாரு?"

"ஆமா மைனி."

முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. நளாயினி தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அங்கேயே முடிந்திருந்தால் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

கடற்கரை கையைக் கூப்பினான். "பத்து வருசமா நான் வரக்கூடாதுன்னு சொன்னீக. அது ஒங்க நியாயம். எங்கம்மா கடேசில என்னையக் கேட்டுக்கிட்டே கெடந்தாளாம். அதுக்காக ஒங்க மேல ஒருநாளும் வருத்தப்பட்டதில்ல. இப்ப மனசு எறங்கி வந்தீகளே, அது போதும்."

முப்பிடாதி நிமிர்ந்தாள். "நான் அப்படிச் சொல்லவே இல்லடா."

"சரி மைனி."

"சத்தியமாச் சொல்லல. எங்கிட்ட ஆருமே கேக்கல."

"சரி மைனி, விடுங்க" என்று அவளுக்குச் சமாதானம் சொல்வதுபோல் சிரித்தான். அவன் நம்பவில்லை. பெரியமனது பண்ணி மறைக்கிறாள் என்று நினைத்திருக்கிறான். அவளுக்கு அது புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதான ரிக்கார்டப் படிச்சீக. எங்கொழுந்தன் சொன்னத எவனோ எழுதி வச்சான்னு இவங்கிட்டச் சொல்லுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பழைய கோப்பை எடுத்துப் பார்க்கணும்" என்றேன்.

கோப்பு என் மடியில் இருந்தது.

மே 12

வெளியே வந்தபோது, சிறைவாசல் வேப்பமரத்தடியில் முப்பிடாதி கேட்டது இது: "அந்த ஆபீசர் ஆரும்மா? இருக்காகளா?" நான் சொன்னது: "ரிட்டயர் ஆயிட்டாங்க." இதை நேற்று எழுத முடியவில்லை.

மே 15

அறிக்கையை மாற்றினேன். 'தற்போது' என்று எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப்போட்டேன். 2013-ல் முப்பிடாதியை நான் சந்திக்கவில்லை, அவர் ஆட்சேபம் தெரிவித்ததாக நான் எழுதியது பொய், அதன் பின்னர் வந்த மூன்று அறிக்கைகளும் அந்தப் பொய்யின் நகல்கள், கைதியின் நான்கு மறுப்புகளுக்கும் அதுவே காரணம் என்று எழுதினேன். அந்த மாதத்துப் பயண டைரியில் 'மாலை ஆறு மணி வரை செவல்குளத்தில் விசாரணை' என்று நான் காட்டியிருந்ததும் பொய்.

கிருபாகரன் டைப் அடித்தான். பாதியில் நிறுத்தி, "மேடம், 'பொய்'ங்கிற இடத்துல 'தவறுதலாக'ன்னு போட்டுக்கட்டுமா?" என்றான்.

வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடித்து முடித்தான். எனக்காக வருத்தப்படுகிற பிள்ளை. அவனிடம் எரிந்து விழுந்தேன், அதுவும் ஒரு பாவம்.

மே 17

செவல்குளம் போனேன். நான்தான் அந்த அதிகாரி என்று முப்பிடாதியிடம் சொன்னேன். வேறு ஆள் என்றது பொய், ரிட்டயர் ஆனதாகச் சொன்னதும் பொய் என்றேன்.

வைவாள் என்று எதிர்பார்த்தேன், வைதால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் உலர்த்திய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில், "காராச்சேவுன்னு ஒரு வார்த்த. பத்து வருசம் முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா?" என்றாள்.

"ஆமாம்மா."

"எங்கிட்டச் சொல்லியாச்சு. எனக்காவது பத்து வருசந்தான் போச்சு. அவனுக்குத் தாயி போயிட்டா. அவங்கிட்டப் போயிச் சொல்லுங்க, நான் சொல்லி அவன் நம்பல." துணியோடு உள்ளே போய்விட்டாள்.

மே 31

வழியனுப்பு விழா மூன்று மணிக்கு. மெமோ இரண்டரைக்கு வந்தது. மேலதிகாரி சங்கடப்பட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்கம்மா என்றார். பதினேழு பி. விசாரணை முடியும்வரை ஓய்வூதியப் பலன்கள் நிறுத்தி வைக்கப்படும். அப்புறம் மாலை போட்டார்கள். நேர்மைக்குப் பெயர்போனவர் என்று ஒருவர் பேசினார். அவருக்கு மெமோ விஷயம் தெரியாது.

கடற்கரையின் கோப்பு முன்விடுதலைக் குழுவுக்குப் போய்விட்டது. ஜூலையில் கூடுவார்கள். விடுவார்கள் என்று நளாயினி சொல்கிறாள். இருபது வருடம் போக மீதியைத் தரப்போகிறார்கள்.

ஜூன் 7

சிறைக்கு அதிகாரியாகப் போயிருந்தால் அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். இன்று எல்லாரையும்போல மனுப் போட்டு வரிசையில் நின்றேன். ஆதார் நகல், போட்டோ, பை சோதனை. உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'தெரிந்தவர்' என்று எழுதினேன்.

நான் வந்திருப்பதாகச் சொன்னால் கடற்கரை வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பிடாதி ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை, அவள் அன்று சொன்னது சத்தியம், அவளைப் பார்க்காமலே எழுதியவள் நான் என்று சொன்னேன். அறையில் வைத்துக் கேட்டபோது கோப்பை மடியில் வைத்துக்கொண்டு மறைத்ததையும் சொன்னேன்.

பிறகு, "எங்கம்மாவப் பாத்தீகளா அன்னைக்கு?" என்றார்.

பார்த்தேன். கைதியின் வீட்டையும் விசாரிக்க வேண்டும் என்பதால் முதலில் அங்கேதான் போனேன். கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்கள், எழுந்து உட்கார முடியவில்லை.

"எதும் சொன்னாளா?"

"அவன் வந்தா இந்தக் கட்டில அவனுக்குக் குடுத்துருவேன், நான் கீழ படுத்துக்கிடுவேன், இடமில்லன்னு எழுதிராதீகன்னு சொன்னாங்க. என்னைக்கு வருவான்னு கேட்டாங்க. சீக்கிரம் வந்துருவார்னு சொன்னேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். மறுபடி எடுத்தார்.

"மைனி வீடு பூட்டிக் கெடந்துச்சாக்கும்."

"ஆமா. காட்டு வேலைக்குப் போயிருக்காங்க, அஞ்சு மணிக்கு வந்துருவாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

"இருந்து பாத்திருக்கலாமே."

"மூணே முக்கால் பஸ்ஸப் பிடிச்சுப் போயிட்டேன்."

"வீட்ல எதும் அவசரமா? சீக்கு, கீக்கு?"

அவர் எனக்கு ஒரு காரணத்தைத் தேடிக் கொடுத்தார். மகளுக்குக் காய்ச்சல் என்று வாய்வரை வந்துவிட்டது. "இல்ல. ஒண்ணும் இல்ல. வெயிலா இருந்துச்சு, வீட்டுக்குப் போகலாம்னு தோணுச்சு" என்றேன்.

தலையசைத்தார். ஏதோ மனதுக்குள் கணக்குப் பார்ப்பதுபோல் இருந்தது. அவர் பிறந்த ஊர், அவருக்குத் தெரியாத பஸ்ஸா.

"அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கும்மா? இப்ப நேரம் எதும் மாத்திட்டாகளா?"

"மாத்தல" என்றேன். "அஞ்சே முக்கால். ரெண்டு மணி நேரந்தான்."

நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை.